15 வயதான ஆஃப்ரோடு பைக்: எஃப்.சி. காட்டுவதா, விற்பதா, தோட்டத்தோடு நிறுத்திக்கொள்வதா?

மண் பாதையிலும் ஓட்ட ஏற்றதாக வந்த ஹீரோ இம்பல்ஸ் பைக் விற்பனைக்கு வந்தது 2011 கடைசியில். முதல் ஆளாக நின்று வாங்கியவர்களுக்கு 2026 கடைசியில் ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று முடிகிறது, மற்றவர்களுக்கு வாங்கிய தேதியைப் பொறுத்துத் தள்ளி. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு செல்லுவது 15 வருடம்தான். அதற்கப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டியைக் கொண்டுபோய் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதியானது என்று அவர் ஒப்புக்கொண்டால் இன்னும் 5 வருடம் கிடைக்கும். இந்தத் தகுதி ஆய்வைத்தான் எஃப்.சி. காட்டுவது என்கிறோம். ஸ்ப்ளெண்டர் வைத்திருப்பவருக்கு இது ஒரு காலை வேலை. நமக்கு அப்படி இல்லை, ஏனென்றால் வாங்கிய முதல் மாதமே சாரி கார்டைக் கழற்றி வீசியவர்கள் நாம், அப்புறம் சைலன்சர், அப்புறம் பின் மட்கார்டு, இண்டிகேட்டர் விழுந்து விழுந்து உடைந்ததில் கடைசியாக ஒயரில் டேப் சுற்றி அப்படியே விட்டாயிற்று.

"இதை எஃப்.சி. காட்ட முடியுமா, இல்ல வித்துடலாமா?" என்று கேட்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். "தோட்டத்துலதானே ஓட்டுறேன், ஆர்.சி. எதுக்கு?" என்பவர்களும் உண்டு. இம்பல்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஆனால் ஆர்.எக்ஸ். 100-ஐ டர்ட் டிராக்குக்காகச் செதுக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான், 2016-ல் ஹிமாலயன் வாங்கியவர்களுக்கு 2031-ல் இந்த நாள் வரும். எழுதுவது தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து. டெல்லியில் பழைய வண்டிகளுக்கு வேறு கெடுபிடி, அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கே யாரும் பதற வேண்டாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் தூரம். வீட்டு வாசலில் இருந்து மண் பாதை தொடங்கும் இடம் வரை பொது ரோட்டில் எவ்வளவு ஓட்டுகிறீர்கள்? நாற்பது கிலோமீட்டர் தார் ரோட்டில் போய் மூன்று கிலோமீட்டர் மண்ணில் ஓட்டுபவரும், வேலியைத் திறந்தால் நேராகத் தன் தோப்புக்குள் நுழைபவரும் ஒரே முடிவை எடுக்கவே முடியாது. பாதிப் பேர் இந்த ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொண்டாலே குழப்பம் தீர்ந்துவிடும். நாம் எல்லோருமே மனசுக்குள் நினைத்துக்கொள்வதைவிட ரோட்டில்தான் அதிகம் ஓட்டுகிறோம்.

இரண்டாவது, பரணில் என்ன கிடக்கிறது என்பது. கழற்றிய கம்பெனி பாகங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தால் எஃப்.சி. மலிவு. எடைக்குப் போட்டிருந்தால் அது வேறு கதை, ஏனென்றால் இம்பல்ஸ் உற்பத்தியை நிறுத்திப் பல வருடமாகிறது, பிளாஸ்டிக் பாகங்களுக்கு நாயாய் அலைய வேண்டியிருக்கும்.

மூன்றாவது காகிதம். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, அதில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் உட்கார்ந்திருக்கிறதா, இன்ஜின் நம்பரும் சேஸ் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா. நான்காவது, அடுத்த 5 வருடத்துக்குமான மொத்தச் செலவு, அதாவது ஆபீஸில் கட்டும் பணம் மட்டும் இல்லை. ஐந்தாவது விஷயத்தை யாரும் கேட்பதே இல்லை: ரோட்டில் யாரையாவது இடித்துவிட்டால் உங்கள் நிலைமை என்ன?

## ஆய்வில் எங்கே மாட்டும்

வழிகளை எடைபோடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "பாஸ் ஆகுமா" என்ற பயத்தில்தான் பலர் தவறான வழியில் போகிறார்கள், உண்மையில் மாட்டுபவை பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள்.

இன்ஸ்பெக்டர் முதலில் குனிவது சேஸ் நம்பரைப் பார்க்க. மண்ணிலும் தண்ணீரிலும் ஊறிய வண்டியில் ஸ்டீயரிங் ஹெட் பக்கம் அடித்திருக்கும் நம்பர் துருவில் மங்கியிருக்கும். அதைவிட மோசம், சேஸுக்குப் பவுடர் கோட்டிங் அடித்தபோது அந்த இடத்தை மறைக்காமல் விட்டு நம்பர் பள்ளமெல்லாம் பெயின்ட் நிரம்பிப் போயிருப்பது. பென்சில் தேய்த்தால் எழுத்து வரவேண்டும், வரவில்லையென்றால் பெயின்டை மெல்ல எடுங்கள். ஆனால் கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அழித்துவிட்டு மறுபடி அடித்த நம்பர் மாதிரித் தெரிந்தால் பதில் சொல்லி மாளாது.

அடுத்தது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது. பின்னால் உட்காருபவர் பிடிக்கக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியாவது மறைகிற மாதிரி ஒரு தடுப்பு, இந்த மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. தடுப்பு என்றால் சாரி கார்டுதான். ஆஃப்ரோடு வண்டிகளில் சொல்லிவைத்த மாதிரி இந்த மூன்றும்தான் இருக்காது. பின் ஃபுட்ரெஸ்டைத் தாங்கும் பிராக்கெட்டை எடை குறைக்க அறுத்துவிட்டவர்கள் வெல்டிங் பட்டறைக்குப் போகாமல் முடியாது.

விளக்குகள்: ஹை பீம், லோ பீம், நான்கு இண்டிகேட்டர், பின்னால் சிவப்பு, பிரேக் லைட். ஹேண்ட் பிரேக் லீவரைப் பிடித்தாலும் கால் பிரேக்கை மிதித்தாலும் லைட் எரிகிறதா என்று பாருங்கள். கால் பிரேக் சுவிட்சின் ஸ்பிரிங் சேற்றில் அறுந்துபோவது சகஜம், நாம் கவனித்திருக்கவே மாட்டோம். ஹெட்லைட்டைக் கழற்றி அந்த இடத்தில் நம்பர் போர்டு மட்டும் மாட்டியவர்களுக்கு ஒயரிங்கில்தான் தலைவலி, கொத்தாக அறுத்த ஒயர்களை நல்ல எலக்ட்ரீஷியன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சேர்க்க வேண்டும். ஹார்ன், கண்ணாடி, ஸ்பீடோமீட்டர் மூன்றையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டயரில் பலரும் வீணாகப் பயப்படுகிறார்கள். இருசக்கர வண்டிக்கு டயர்ப் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ரப்பர் கட்டி கட்டியாகத் துருத்தி நிற்கும் மண் பாதை டயரில், அதாவது பட்டன் டயரில், அது தாராளமாகவே இருக்கும். பார்க்க வேண்டியது பட்டனின் அடியில் விரிசல் இருக்கிறதா, பாதி பட்டன்கள் பிய்ந்து தொங்குகின்றனவா, அளவு கம்பெனி சொன்னதுதானா என்பவை. நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது என்று பக்கவாட்டிலேயே அச்சிட்ட போட்டி டயர்களும் கிடைக்கின்றன, அதை மாட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

அப்புறம் வண்டியின் உடம்பு. ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள கோன் செட்டில் ஆட்டம், ஸ்விங் ஆர்ம் புஷ், ஃபோர்க் ஆயில் சீல் கசிவு, ஸ்போக் தளர்வு, தண்ணீர் புகுந்து புகுந்து கண்ணாடி மாதிரி மழமழத்துப்போன பின் டிரம் லைனிங். இவை ஆய்வுக்காக இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியவை, அதனால் இதை எஃப்.சி. செலவு என்று கணக்கெழுதி மலைத்துப்போக வேண்டாம்.

சைலன்சர் மாற்றியிருந்தால் இரண்டு இடத்தில் இடிக்கும். சத்தம் ஒன்று. இன்னொன்று புகைச் சான்று: புகையைத் தடையில்லாமல் வெளியே விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சருக்காகக் கார்புரேட்டரில் பெரிய ஜெட் (பெட்ரோல் போகும் துளை) போட்டிருந்தால் பெட்ரோல் அதிகமாக எரிந்து கார்பன் மோனாக்சைடு எகிறும். ஜெட்டையும் பழையபடி மாற்றி ட்யூன் செய்துவிட்டுத்தான் புகை டெஸ்டுக்குப் போக வேண்டும், சைலன்சரை மட்டும் மாற்றினால் போதாது.

ஒரு நல்ல செய்தி, உங்கள் வண்டி தயாரான காலத்தில் கட்டாயமாக இல்லாததை இப்போது கேட்கமாட்டார்கள். ஏ.பி.எஸ்., தானாக எரியும் ஹெட்லைட் எல்லாம் 2011 இம்பல்ஸுக்குப் பொருந்தாது.

## வழி 1: கம்பெனி நிலைக்கே கொண்டுவந்து புதுப்பிப்பது

பணக் கணக்கு முதலில். மோட்டார் சைக்கிளுக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் இருந்து 1000 ரூபாய், முன்பு 300-ஆக இருந்தது. வண்டிக்கு 20 வயது தாண்டியிருந்தால் 2025 ஆகஸ்டில் வந்த மாற்றப்படி 2000, ஆர்.எக்ஸ். 100 ஆட்கள் எல்லோரும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். இது போகப் பசுமை வரி, கார்டுக்கான கட்டணம் என்று சில்லறைகள் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு, 75-க்கு மேல் 150 சிசி வரையான வண்டிகளுக்கு 2022-ல் நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 714 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இம்பல்ஸ் 149.2 சிசி என்பதால் மயிரிழையில் இந்த வரிசைக்குள் வந்துவிடுகிறது. 5 வருடத்துக்கு 3570. ஆக அரசாங்கத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் போவது சில ஆயிரங்கள்தான்.

மறைந்திருக்கும் செலவு பட்டறையில். சாரி கார்டு, இண்டிகேட்டர், கண்ணாடி எல்லாம் பொதுவாகக் கிடைப்பதை வாங்கிப் பொருத்தலாம், பெரிய தொகை ஆகாது. ஒயரிங், சைலன்சர், பின் மட்கார்டு மூன்றும் இல்லாதவருக்குத்தான் கை சுடும். பழைய சைலன்சர் உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் பரணில் இருந்தும் பிரயோஜனம் இல்லை, முன்கூட்டியே எடுத்துத் தட்டிப் பாருங்கள். இன்னொன்று பெட்ரோல். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாய்களும் சீல்களும் அதை மனதில் வைத்துச் செய்தவை இல்லை. இந்த 5 வருடத்தில் அவற்றை மாற்ற வேண்டி வரலாம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சத்தமில்லாத ஒரு லாபம் இருக்கிறது. இம்பல்ஸின் தரை இடைவெளி 245 மில்லிமீட்டர், பிற்பாடு வந்த எக்ஸ்பல்ஸ் 200-இன் சாதா மாடலுக்கு 220-தான். கம்பெனி நிலையிலேயே இது நல்ல மண் வண்டி. நாம் கழற்றியவற்றில் பாதி, வண்டி நன்றாக ஓடுவதற்காகக் கழற்றியது இல்லை, பார்க்க நன்றாக இருப்பதற்காக. திருப்பி மாட்டினால் ஓட்டுவதில் பெரிய வித்தியாசம் தெரியாது.

பொது ரோட்டில் வாரம் ஒரு முறையாவது ஓட்டுபவர், பெயரும் நம்பரும் சுத்தமாக இருப்பவர், பாகங்களில் முக்கால்வாசியாவது கையில் வைத்திருப்பவர், இவர்களுக்கு இந்த வழியைத் தவிர வேறெதையும் யோசிக்கத் தேவையில்லை.

## வழி 2: ஆய்வுக்கு மட்டும் வேஷம் கட்டுவது

ஊரில் அதிகம் நடப்பது இதுதான் என்பதால் தனியாகவே எழுத வேண்டியிருக்கிறது. நண்பரின் வண்டியில் இருந்து சைலன்சர், இன்னொருவரிடம் இருந்து சாரி கார்டு, ஆய்வு முடிந்த அன்று சாயங்காலமே எல்லாம் கழன்றுவிடும். செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆய்வில் தேறியும் விடும்.

மறைந்திருக்கும் செலவு ஆய்வு முடிந்த பிறகு தொடங்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் இருக்கும் விவரங்கள் கம்பெனி கொடுத்ததில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் திருத்திச் சேர்த்த 182ஏ பிரிவு, அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். செக்போஸ்டில் நிற்கும்போது சைலன்சர் ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தால் வண்டியின் விலையே தாண்டிவிடும்.

அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது விபத்து. நான் மேலே சொன்ன ஐந்தாவது விஷயம். பிரேக் லைட் இல்லாத வண்டியின் பின்னால் ஒருவர் மோதி விழுந்தால், தப்பு அவருடையது என்று எப்படிச் சொல்வீர்கள்? வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் வண்டியின் புகைப்படத்தைத்தான் முதலில் கேட்பார்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கவும் வேண்டாம். கைக்கவசம், அடியில் ஸ்கிட் பிளேட், அதே அளவில் பட்டன் டயர், அகலமான ஃபுட் பெக், ஹேண்டில் பார் ரைசர் போன்றவை போல்ட்டைக் கழற்றினால் போய்விடுகிற சமாச்சாரங்கள், வண்டியின் பாதுகாப்பையும் குறைக்காதவை. இன்ஸ்பெக்டர் கேட்டால் அங்கேயே கழற்றிக் காட்டலாம். விளக்கு, பிரேக், சைலன்சர், நம்பர் போர்டு, இன்ஜின் இந்த ஐந்தில் எதிலாவது கை வைத்திருந்தால்தான் பிரச்சினை. வெளியே தெரியாமல் இன்ஜினில் பெரிய போர் (சிலிண்டர்) போட்டுச் சிசியை ஏற்றியவர்கள், காப்பீட்டு வரிசையே மாறிவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனவே இந்த வழி யாருக்குச் சரி என்று கேட்டால், ரோட்டில் ஓட்டும் யாருக்கும் சரியில்லை. வண்டியை வேனில் ஏற்றித்தான் கொண்டுபோவேன், ஆர்.சி. உயிரோடு இருந்தால் போதும், பிற்பாடு விற்க உதவும் என்பவருக்கு மட்டும் இதில் ஓரளவு அர்த்தம் இருக்கிறது. அவரும் கடன் வாங்கிய பாகங்களை நம்பாமல் சொந்தமாக ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, அடுத்த 5 வருடம் கழித்து அந்த நண்பர் வண்டியை விற்றிருப்பார்.

## வழி 3: ஆர்.சி. போனால் போகட்டும், தோட்டத்தில் ஓட்டுவோம்

கேட்கும்போது இதுதான் சுலபமாகத் தெரியும். கட்டணம் இல்லை, ஆய்வு இல்லை, இஷ்டப்படி செதுக்கிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இதில்தான் ஓட்டைகள் அதிகம்.

முதலில், தனியார் நிலம் என்று நாம் நினைப்பதில் முக்கால்வாசி தனியார் நிலம் இல்லை. ஏரி உள்வாய், ஆற்றுப் படுகை, புறம்போக்கு, மேய்ச்சல் நிலம் எல்லாம் அரசாங்கத்துடையவை. சட்டத்தில் பொது இடம் என்றால் பொதுமக்களுக்குப் போகும் உரிமை உள்ள எந்த இடமும்தான், தார் போட்டிருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. காப்புக்காட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம், அங்கே பதிவு உள்ள வண்டியோடு போனாலும் வனத்துறை விடாது.

இரண்டாவது, பதிவு இல்லாமல் ஓட்டக் கூடாது என்று சொல்லும் 39-வது பிரிவு பொது இடத்தோடு நிற்கவில்லை, "வேறு எந்த இடத்திலும்" என்ற பொருளையும் சேர்த்தே சொல்கிறது. சுற்றுச்சுவருக்குள் மட்டுமே ஓடும்படி அமைத்த வண்டிகளுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஆனால் ரோட்டுக்காகத் தயாரித்துப் பதிவும் செய்த இம்பல்ஸ் அதில் அடங்கும் என்று வாதாடுவது கஷ்டம். உங்கள் வேலிக்குள் வந்து யாரும் பிடிக்கப் போவதில்லை என்பது நடைமுறை. பக்கத்துத் தோட்டத்துக்குப் போக நடுவில் ஊராட்சி ரோட்டை ஒரு நிமிடம் கடந்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்கு நீங்கள் பதிவு இல்லாத வண்டியை, காப்பீடும் இல்லாமல் ஓட்டுகிறீர்கள். முதல் முறைக்கு 2000 முதல் 5000 வரை அபராதம் என்கிறது 192-வது பிரிவு, காப்பீடு இல்லாததற்கு இன்னொரு 2000.

மூன்றாவது, மனசு மாறினால் ஆகும் செலவு. ஆர்.சி. முடிந்தபின் தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாய் கூடுதல். வருடத்துக்கு 3600. மூன்று வருடம் தோப்பில் ஓட்டிவிட்டு "சரி, புதுப்பிச்சிடலாம்" என்று தோன்றினால் 10,800 ரூபாய் இது மட்டுமே, வண்டி விலையில் கணிசமான பங்கு.

போக்குவரத்துச் செலவும் உண்டு. வேறு இடத்துக்குக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் குட்டி யானை பிடிக்க வேண்டும். வருடத்துக்கு நான்கைந்து தடவை வாடகை கொடுத்தாலே வழி 1-இல் 5 வருடத்துக்குக் கட்டும் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், சொந்தமாகப் பெரிய தோப்பு உள்ளவருக்கு, அல்லது வண்டியை ஏற்கெனவே இன்ஜின் மாற்றி, சேஸ் அறுத்து, திரும்பிவர முடியாத தூரம் கொண்டுபோனவருக்கு இதுதான் வழி. போட்டிக்காக வைத்திருப்பவர்கள் தனிச் சாதி. மூடிய டிராக்கில் நடக்கும் பந்தயங்களில் அமைப்பாளர்களே வண்டியைப் பரிசோதிப்பார்கள், அவர்களுக்குச் சாரி கார்டு வேண்டாம், ஆனால் வேறு ஆயிரம் வேண்டும்.

கவாசாகி கே.எக்ஸ்., சுசுகி ஆர்.எம்-இஸட் போன்ற மோட்டோகிராஸ் வண்டிகளை வாங்கலாமா, பிற்பாடு பதிவு செய்துகொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். முடியாது. அவை ரோட்டுக்கான அனுமதி இல்லாமலே விற்பவை, விளக்கு மாட்டினாலும் ஆர்.சி. கிடைக்காது.

## வழி 4: விற்றுவிட்டுப் புதுசு வாங்குவது

விற்பதாக இருந்தால் ஆர்.சி. முடிவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே விற்கப் பாருங்கள், அல்லது புதுப்பித்துவிட்டு விற்கப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில், முடிந்துபோன ஆர்.சி.யோடு விற்றால் அடிமாட்டு விலைதான். இம்பல்ஸுக்கு ஒரு சின்ன ரசிகர் கூட்டம் இருப்பதால், 5 வருட ஆர்.சி.யும் கம்பெனி பாகங்களும் உள்ள வண்டி விலை பேசும்போது கெத்தாக நிற்கும்.

யாருமே வாங்காத நிலையில் இருந்தால் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்துச் சான்று வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் போட்டால் நூறு இருநூறு கூடக் கிடைக்கலாம், ஆனால் பதிவு உங்கள் பெயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், அந்தச் சேஸ் நாளைக்கு எங்கே போகும் என்று தெரியாது.

புது வண்டி பக்கம் வருவோம். கம்பெனியே ரோட்டுக்கு அனுமதி வாங்கித் தந்த மண் வண்டிகள் 2011-ஐவிட இப்போது அதிகம். எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோவில் தரை இடைவெளி 270 மில்லிமீட்டர், முன் சஸ்பென்ஷன் 250, பின்னால் 220. நாம் பட்டறை பட்டறையாக அலைந்து எதிர்பார்த்ததெல்லாம் ஆர்.சி.யோடு வருகிறது, 15 வருடத்துக்கு ஆய்வுத் தொல்லையும் இல்லை. சீட் உயரம் 891 மில்லிமீட்டர் என்பதை மட்டும் ஷோரூமில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள், கால் எட்டாதவர் மணலில் பாடுபடுவார். 2025-இல் எக்ஸ்பல்ஸ் 210-ம் வந்திருக்கிறது. அதே வருடம் செப்டம்பரில் 350 சிசி வரையான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் விலை கொஞ்சம் இறங்கியது.

விளம்பரத்தில் தெரியாத செலவு: தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம், ஒன்றரை லட்சம் என்றால் 18,000. மூன்றாம் நபர் காப்பீடு 5 வருடத்துக்கும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும், 150-க்கு மேல் 350 சிசி வரை 7365 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அப்புறம் கீழே போட மனசு வராது. இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், புது வண்டி வாங்கிவிட்டு மண்ணில் இறக்கவே பயந்து, வாரக் கடைசியில் துடைத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய இம்பல்ஸின் பெரிய வசதியே அது எத்தனை முறை விழுந்தாலும் உங்களுக்கு வலிக்காது என்பதுதான்.

கடன் தவணை கட்ட முடிந்தவர், பழைய வண்டியின் காகிதம் சிக்கலாக உள்ளவர், நெடுந்தூரம் ரோட்டில் போய்த்தான் மண்ணைத் தொட வேண்டும் என்பவர், இவர்களுக்கு இது நல்ல முடிவு.

## ஒரு பார்வையில்

| வழி | தெரியும் செலவு | தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| கம்பெனி நிலையில் புதுப்பித்தல் | 1000 + வரி + ஆண்டுக்கு 714 | ஒயரிங், சைலன்சர், கிடைக்காத பிளாஸ்டிக் | ரோட்டில் அடிக்கடி ஓட்டுபவர் |
| ஆய்வுக்கு மட்டும் வேஷம் | அதே கட்டணம் | மாற்றம் ஒன்றுக்கு 5000, விபத்தில் சிக்கல் | வேனில் ஏற்றிப் போபவர், அதுவும் அரைமனதாக |
| தோட்டத்தோடு நிறுத்துதல் | எதுவும் இல்லை | மாதம் 300, வேன் வாடகை, ரோட்டைக் கடக்கும் ஆபத்து | பெரிய தோப்பு உள்ளவர், திரும்ப முடியாத வண்டி |
| விற்றுப் புதுசு | வண்டி விலை | 12% வரி, 7365 காப்பீடு, விழப் பயம் | காகிதச் சிக்கல் உள்ளவர் |

## இன்னும் முடிவு வரவில்லையா

ஓப்பன் சேலில் வாங்கி, பெயர் மாற்றாமலே ஐந்தாறு வருடம் ஓட்டியவர்கள்தான் உண்மையில் அவசரப்பட வேண்டியவர்கள். ஆர்.சி.யில் உள்ள முதல் உரிமையாளரைத் தேடிப்பிடித்து பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்குவதற்கே மாதங்கள் ஆகும். அவர் வெளிநாட்டிலோ, உயிரோடு இல்லாமலோ இருந்தால் இன்னும் நீளும். இது நடக்காது என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் சாரி கார்டு தேடி அலைவதை நிறுத்திவிட்டு வழி 3 அல்லது 4-ஐப் பாருங்கள்.

ஃபைனான்ஸில் வாங்கிக் கடனை அடைத்தும் ஆர்.சி.யில் இருந்து அவர்கள் பெயரை நீக்காதவர்களும் நிறைய. கம்பெனியே இன்னொன்றோடு இணைந்துவிட்டிருந்தால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்குவது நெளிவு சுளிவான வேலை, ஆய்வு நேரத்தில் தொடங்காதீர்கள். பாக்கி அபராத சலான் இருந்தால் அதையும் முதலில் கட்டி முடித்துவிடுங்கள். இன்ஜினையோ பெயின்ட் நிறத்தையோ மாற்றி ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் அதற்கும் இதே நேரத்தில் வழி தேட வேண்டும்.

காகிதம் எல்லாம் சுத்தம், பணமும் பிரச்சினை இல்லை, வழி 1-ஆ 4-ஆ என்று மட்டும் குழப்பம் என்றால், என் யோசனை முதலில் புதுப்பிப்பது. சில ஆயிரங்கள் போட்டு 5 வருட ஆர்.சி. வாங்கிவிட்டால் விற்பதா வேண்டாமா என்பதை நிதானமாக யோசிக்கலாம், விற்றாலும் போட்ட பணம் விலையில் திரும்பி வரும். புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 25-ஐ ஆர்.சி. முடிவதற்கு 60 நாளுக்கு முன்னால் கொடுக்க முடியாது, முடிந்த தேதிக்குப் பின்னால் போனால் மாதம் 300 ஓட ஆரம்பிக்கும். எனவே பட்டறை வேலையை நான்கு மாதம் முன்னாலேயே தொடங்கி, ஒயரிங்கை முதலில் முடித்து, புகைச் சான்றையும் காப்பீட்டையும் கடைசியில் எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு மாத இடைவெளி திறந்தவுடன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து நாள் வாங்கிவிடுங்கள். ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பினாலும் சரிசெய்து மறுபடி காட்ட அவகாசம் இருக்கும்.